சக்கரம் வைத்த வீடு

அந்த அக்காவின் வீட்டுக்குள் நுழையும்போது சிலிப்பரைக் கழற்றி வாசலில் விட வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வீடு கிளம்பிவிட்டது. சிலிப்பர் மட்டும் தாப்பா ஊர்ப் பக்கத்து நெடுஞ்சாலை ஓய்விடத்தில், வாசல் பார்த்தபடி நின்றுவிட்டது.

என்னுடையது மட்டும் இல்லை. என் சம்சாரத்துடையது, அக்காவுடையது, அவர் புருஷனுடையது எல்லாமே. வேறொரு ஊரில் இறங்கும்போதுதான் நாலு பேரும் வெறுங்காலோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வீட்ட எடுக்கும்போது வாசல பாக்குறதில்லையா?" என்று அக்கா புருஷனைத்தான் திட்டினார்.

"வீட்ட எடுக்கும்போதா? உலகத்துல எவளாவது இப்படிப் பேசுவாளா மச்சான்?" என்று அவர் என்னிடம் முறையிட்டார். சிலிப்பர் இல்லாத நான் என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அண்ணனைச் சொல்ல வேண்டும். அண்ணன் என்றால் அக்காவின் புருஷன். புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. வாலிபத்தில் அவர் லாரி ஓட்டினார், நான் அவருக்குக் கெலிண்டான். சாமான் ஏற்றி இறக்குவதும், லாரி பின்னுக்கு வரும்போது தட்டித் தட்டி "கோஸ்தான், கோஸ்தான்" என்று கத்துவதும்தான் கெலிண்டான் வேலை. பாதி வாழ்நாள் அந்த ஒரு சொல்லைக் கத்தியே சோறு தின்றிருக்கிறேன். இன்றைக்கும் பாசாரில் யாராவது காரைப் பின்னுக்கு எடுத்தால் என் வாய் சும்மா இருக்காது. கூப்பிடாமலே போய் நின்று கத்திவிட்டு வருவேன்.

பிறகு அண்ணன் பேக்டரி பஸ் ஓட்டப் போனார். அவர் வேலையை விட்டு நின்ற அன்றைக்கு பஸ்ஸும் நின்றுவிட்டது. முதலாளி, "இத நீயே வச்சிக்க லா," என்று அவரிடமே தள்ளிவிட்டார். அண்ணன் அதை லகாட்டில் ஒரு சீனர் பட்டறைக்குக் கொண்டுபோய், சீட்டையெல்லாம் கழற்றி, படுக்கை போட்டு, கேஸ் அடுப்பு வைத்து, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி கட்டி, வெள்ளைச் சாயம் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். "கேரவன்," என்றார். தெரு ஆட்கள் பஸ் என்றார்கள்.

அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்.

"அடுப்பு இருக்கா?"

"இருக்கு."

"படுக்க எடம்?"

"இருக்கு லா, ஏறிப் பாரு."

"கதவு?"

"கதவு இல்லாம எப்படி ஏறுவ?"

"அப்ப இது வீடு. பால் காய்ச்சாம நான் காலு வைக்க மாட்டேன்."

பால் காய்ச்ச வேண்டுமென்றால் வீடு கிழக்கே பார்க்க வேண்டும். எங்கள் சந்தோ தெற்கு வடக்கு. நான் கோஸ்தான் கத்தக் கத்த, அண்ணன் திருப்பித் திருப்பி, பஸ்ஸைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தினார். பஸ் கிழக்கே பார்த்தது. அந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம், இந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த ரொட்டிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் இறங்கி வந்து அக்காவோடு நின்று சாமி கும்பிட்டார். தெரு சரிவு என்பதால் பால் ஒரு பக்கமாகப் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. "பொங்கிருச்சு, போதும்," என்றார் அக்கா. ரொட்டிக்காரருக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

அன்றிலிருந்து அந்த ஆறு சக்கரமும் ஒரு வீட்டுக்கு உரிய முறையெல்லாம் கண்டது. பொழுது சாய்ந்தால் விளக்கு. விளக்கு வைத்த பிறகு கூட்டக்கூடாது. காலையில் எங்கே நிற்கிறோமோ அங்கே வாசலில் கோலம், பார்க்கிங் கட்டத்துக்குள் அடங்குகிற அளவில். கிளம்பும்போது யாராவது தும்மினால் எல்லாரும் இறங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி ஏற வேண்டும். அந்த பஸ்ஸோ ஸ்டார்ட் எடுத்ததும் விடுகிற புகையில் ஊரே தும்மும். புந்தோங்கை விட்டுக் கிளம்பவே எங்களுக்குப் பாதித் தண்ணீர் தீர்ந்துவிடும்.

அண்ணன் எதிர்த்துப் பேசினால் அக்காவிடம் ஒரே பதில்தான். "சக்கரம் இருந்தா வீடு இல்லன்னு ஆயிருமா?"

இவ்வளவு முறை பார்க்கிறவர் ஏன் பஸ் ஏறி ஊர் சுற்ற ஆசைப்பட்டார் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. தெருவில் எல்லாருக்கும் தெரிந்த காரணம்தான்.

அக்கா வயிற்றில் இருக்கும்போது, ஜப்பான்காரன் காலத்தில், லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து அவர் அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சியாமில் ரயில் பாதை போட. போனவர் திரும்பவில்லை. செத்துவிட்டார் என்றும் ஒருவரும் வந்து சொல்லவில்லை. அதனால் அக்காவின் அம்மா கடைசிவரை பூவையும் பொட்டையும் விடவில்லை. படையல், திதி ஒன்றும் வைக்க விடவில்லை. தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்து, கித்தா மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது எல்லாரும் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்த அம்மா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "அவரு வந்தா இங்கதான வருவாரு? புந்தோங் வீடு அவருக்கு எங்க தெரியும்?" என்று கேட்டாராம். புந்தோங்குக்கு வந்தும் அதே கேள்விதான். படுக்கையில் கிடந்தபோதும் அதே கேள்வி.

அதனால் பால் பொங்கிய அன்றைக்கே அக்கா அண்ணனைக் கேட்டார். "இது சியாமுக்குப் போவுமா?"

"போவும். மொதல்ல பக்கத்துல ஓட்டிப் பழகிக்குவோம்," என்றார் அண்ணன்.

என்னிடம் தனியாக வேறு சொன்னார். "பஸ்ஸு சியாமுக்குப் போயிரும் மச்சான். அங்க போயி ஒண்ணும் இல்லன்னு கண்ணால பாத்துட்டா இவ என்னா ஆவா? இத்தன வருசம் ஏதோ நெனப்புலயே ஓடிருச்சு. அத நான் கெடுக்கணுமா?"

இப்படியாக, சியாமுக்குப் போகாமல் இருப்பதற்காக அண்ணன் எங்களை ஊரில் இருக்கிற பழைய கோட்டைக்கெல்லாம் கூட்டிப்போனார்.

மலாக்காவில் ஒரு கோட்டை. கோட்டை என்று பேர், வாசல் மட்டும்தான் மிச்சம். அக்கா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். நாலு எட்டில் அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தார். "நெலை இருக்கு, வீட்டக் காணோம்?" என்றார். அங்கே படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் பாவமாகப் பார்த்தார், வழி தவறி வந்தவர்களைப் பார்ப்பது போல.

பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார துரை கட்டி முடிக்காமல் விட்ட கோட்டை இருக்கிறதே, அங்கே போனதுதான் பெரிய கூத்து. அக்கா மாடி மாடியாக ஏறி, சமையற்கட்டு எது, சாமி மூலை எது என்று பார்த்து முடித்துவிட்டு, காவலுக்கு நின்ற நம் ஆள் ஒருவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, இவ்வளவு பெரிய வீட்ட முடிக்காம போட்டுட்டாங்க?"

"தொர செத்துட்டாருக்கா. பெறகு வித்துட்டாங்க."

"பால் காய்ச்சுனாங்களா?"

"வெள்ளக்காரன் எங்கக்கா பால் காய்ச்சுவான்?"

"கல்லு செமந்து கட்டுனது யாரு? நம்ம ஆளுங்கதானே? ஒருத்தனாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

"கூலி ஆளு சொன்னா தொர கேப்பாரா?"

"கேக்கல. அதான் பாரு, கூரை இல்ல."

காவல்காரர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க பேய் இருக்குன்னு சொல்றாங்கக்கா. அதப் பாக்கத்தான் பாதிப் பேரு வர்றாங்க," என்றார்.

அக்கா பயப்படவில்லை. "இருக்கட்டும். ஒரு பாயாவது போட்டு வச்சிருக்கீங்களா? எவ்வளவு காலம்தான் நின்னுக்கிட்டே இருக்கும்?" என்று கேட்டார்.

பிறகு கீழே இறங்கி, பஸ்ஸில் பாலைக் காய்ச்சி, ஒரு டம்ளரைக் காவல்காரரிடம் கொடுத்து, இன்னொரு டம்ளரைக் கோட்டையின் படியில் ஊற்றச் சொன்னார். அவர் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டார். மேலே தெரிந்தால் வேலை போய்விடும் என்றார். ஆனால் ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் ஏறியதும் அக்கா கேட்டார், "சியாமுக்கு எப்ப?"

"கிளட்ச் ஒரு மாதிரியா இருக்கு," என்றார் அண்ணன்.

கோட்டைகள் தீர்ந்த பிறகு அண்ணன் ஒரு தப்புச் செய்தார். தைப்பிங்கில் சண்டைக்காலத்துச் சிப்பாய்களைப் புதைத்த மயானம் இருக்கிறது, புல்வெளியெல்லாம் அழகாக வெட்டி வைத்திருப்பார்கள், பார்த்துவிட்டு ஏரிக்கரையில் சாப்பிடலாம் என்று கூட்டிப்போனார். வரிசை வரிசையாக வெள்ளைக் கல். ஒவ்வொன்றிலும் பெயர். வெள்ளைக்காரர் பெயர், நம்மவர் பெயர், எல்லாம் உண்டு. என் சம்சாரம் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போனாள். பார்த்து முடித்து பஸ்ஸுக்குத் திரும்பினால், அக்கா கதவை அடைத்து நின்றுகொண்டார்.

"எங்க ஏறுறீங்க? சுடுகாட்டுக்குப் போயிட்டு குளிக்காம வீட்டுக்குள்ள வருவீங்களா?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "இது வெறும் கல்லு லா!"

"கல்லுக்குக் கீழ ஆளு இருக்கா இல்லையா?"

"இருக்கு, ஆனா எவ்வளவோ வருசம் ஆச்சு."

"வருசம் ஆனா சுடுகாடு பூங்காவாயிருமா?"

"குளிக்கணும்னா தண்ணி உள்ள இருக்கு. உள்ள போகணும்னா குளிச்சிருக்கணும். இப்ப நான் என்னா செய்ய?"

அக்கா கதவை விட்டு நகரவில்லை. வீடு கூடவே வந்தால் இப்படி ஒரு சிக்கல் வரும் என்று முன்னோர் யாரும் யோசிக்கவில்லை. ஆனால் தைப்பிங் ஆயிற்றே, மழைக்குக் குறைவில்லாத ஊர். பேசிக்கொண்டிருக்கும்போதே கொட்ட ஆரம்பித்தது. அக்கா வானத்தைப் பார்த்தார். "நில்லுங்க எல்லாரும். தல நனையட்டும்," என்றார்.

நாலு கிழங்களும் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வரிசையாக மழையில் நின்றோம். மயானத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மா எங்களைப் பார்த்துவிட்டுப் பதறிக் குடையோடு ஓடிவந்தார். அக்கா குடையை மெல்லத் தள்ளி, "நோ, நோ, பாத்திங்," என்றார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அண்ணன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "டெட் பீப்பிள் சீ. தென் பாத். தென் ஹவுஸ்," என்று கையைக் காட்டி விளக்கினார். அந்த அம்மா யோசித்தார். தன் அப்பாவின் அண்ணன் இங்கேதான் இருக்கிறார் என்று ஒரு கல்லைக் காட்டினார். பிறகு குடையை மடக்கிவிட்டு எங்கள் வரிசையில் வந்து நின்றார்.

அப்புறம் ஐந்து பேரும் பஸ்ஸில் ஏறி, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு கோப்பி குடித்தோம். வெள்ளைக்காரம்மா சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் ஏறினார். யாரும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அக்கா சொன்னார். "அந்தம்மா எங்கயோ பொறந்து, கடல் தாண்டி வந்து ஒரு கல்லத் தொட்டுட்டுப் போவுது. நான் இங்க கெடக்கேன், தொடுறதுக்கு ஒரு கல்லு இல்ல."

சியாமுக்கு எப்ப என்று கேட்கவில்லை. கேட்காததுதான் அண்ணனைப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. மறுநாளே பஸ்ஸை லகாட் பட்டறைக்குக் கொண்டுபோய் உண்மையிலேயே கிளட்சை மாற்றினார்.

சியாம் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னால் பொழுது விடிந்துவிடும். எல்லையில் காகிதமெல்லாம் முடித்து, மெதுவாக ஓட்டி, வழியெல்லாம் தும்மி, தண்ணீர் குடித்து, ஒரு வழியாக அந்த ரயில் பாதை ஊருக்குப் போனோம். அங்கேயும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மயானம், தைப்பிங் மாதிரியே, கல்லும் பெயரும் பூச்செடியுமாக. நம் ஆட்கள் எங்கே என்று அண்ணன் கையைக் காலை ஆட்டி ஊரெல்லாம் விசாரித்தார். ஒரு புத்தர் கோயிலின் பக்கத்தில் ஒரு தூபியைக் காட்டினார்கள். தோண்டி எடுத்த எலும்பையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கட்டியதாம். யார் பெயரும் இல்லை.

நானும் என் சம்சாரமும் முன்யோசனையாகத் துண்டோடு போயிருந்தோம். அண்ணன் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயைக்கூடப் பார்த்து வைத்திருந்தார். அக்கா எங்கள் தோளில் கிடந்த துண்டைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்.

"என்னாத்துக்கு இது? எழவு கேக்கவா வந்திருக்கோம்? அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போவ வந்திருக்கோம்."

அண்ணன் என் காதில், "போச்சு மச்சான்," என்றார்.

அக்கா தூபிக்கு முன்னால் நின்றார். அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற குரலில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "அப்பா, நான் ஒங்க மக. நீங்க போனப்ப வயித்துல இருந்தேன். லயத்த இடிச்சிட்டாங்க. புந்தோங் வீடு ஒங்களுக்குத் தெரியாதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதான் வீட்டயே கொண்டாந்துட்டேன். வெளியில நிக்குது. வாங்க."

திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, கால் கழுவுவதற்குப் படியில் ஊற்றினார். கதவைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் ஏறுகிற நேரம் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ அந்த அரிசித் தகரத்து மேல ஒக்காந்துக்க. அப்பா படுக்கட்டும், களைச்சு வந்திருக்காரு."

ஜன்னலோரப் படுக்கைதான் என் இடம். முட்டிவலிக்காரன் என்று அண்ணன் எனக்காகவே போட்டுக் கொடுத்தது. தகரத்தில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

அண்ணன் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். "சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா?" என்று. யாரிடம் சொன்னார், என்ன சொன்னார் என்று அவருக்கே நினைவு இருந்திருக்காது.

திரும்பி நம் எல்லைக்கு வந்தபோது, குடிநுழைவு அதிகாரி ஜன்னலுக்குள் தலையை விட்டு, எத்தனை பேர் என்று மலாயில் கேட்டார். "நாலு," என்றார் அண்ணன். "அஞ்சு," என்றார் அக்கா, பின்னாலிருந்து, சத்தமாக.

அதிகாரி பாஸ்போர்ட்டை எண்ணினார். நாலு. எங்களை இறக்கினார்கள். படுக்கைக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குள், நான் உட்கார்ந்து வந்த அரிசித் தகரத்துக்குள் எல்லாம் ஆள் தேடினார்கள். அண்ணனுக்கு வேர்த்து வடிந்தது. "மச்சான், ஆள் கடத்துறோம்னு உள்ள தூக்கிப் போட்டா, இந்த வயசுல எனக்கு ஜெயில் சோறு செமிக்காது," என்றார்.

அதிகாரி அக்காவிடம் வந்து, அத்தை முறை வைத்துக் கேட்டார். "ஐந்தாவது ஆள் எங்கே, மக்சிக்?"

"உள்ள படுத்திருக்காரு. எங்கப்பா," என்று அக்கா தன் மலாயில் சொன்னார். "ஜப்பான்காரன் காலத்துல இங்கிருந்து கொண்டுபோனாங்க. ரயில் ரோடு போட. இப்பதான் திரும்பி வர்றாரு."

அதிகாரி அந்த வெறும் படுக்கையைப் பார்த்தார். போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் வாலிபர்தான், ஆனால் கதை தெரிந்தவர் போல முகம் மாறியது. இருந்தாலும் அதிகாரி அல்லவா, வழக்கத்துக்குக் கேட்டார். "பாஸ்போர்ட்?"

"கொண்டுபோனப்ப யாரும் கேக்கலயே," என்றார் அக்கா.

அவர் சற்று நேரம் நாலு பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே நின்றார். முத்திரை குத்திக் கொடுத்தார். "மெதுவா போங்க, பாக்சிக்," என்று அண்ணனிடம் மாமா முறை வைத்துச் சொன்னார். அவ்வளவுதான்.

பாரிட் புந்தாரில் தே குடிக்க இறங்கினோம். வயலுக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடை. நானும் சம்சாரமும் ஒரு பக்கம், அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். அக்கா எட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அஞ்சு தே," என்றார்.

பாய் எங்களை எண்ணினார். "நாலு பேருதானே இருக்கீங்க. இன்னொருத்தரு பஸ்ஸுலயா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். எல்லையிலேயே மானம் போன மனுஷன், இப்போது கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே, "மாமனாரு. வந்துக்கிட்டு இருக்காரு. போடுங்க பாய்," என்றார்.

"அவருக்குச் சீனி எப்படி? கொறச்சா, கூடவா?"

அக்கா வாயைத் திறந்தார். எந்தத் திசைக்கு விளக்கு, எந்தக் காலை முதலில் வைப்பது, தும்மினால் எத்தனை மடக்கு தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவர், பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது. அந்த ஊரிலிருந்து இந்த ஊர்வரை அதுவரை ஒரு சொட்டு விடாதவர்.

"தோட்டத்து ஆளு பாய்," என்றார் அண்ணன். "சீனி நெறைய போடுங்க."

பாய் கிளாசில் மூன்று கரண்டி போட்டார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், அந்த கிளாசை எட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு போடுங்க," என்றார்.